தொந்தி எழுத்து

டி என்ற எழுத்துக்குத் தொந்தி வலப்பக்கம்.
மரத்தில் அது இடப்பக்கம் இருக்க வேண்டும்;
மை தொட்டுத் தாளில் விழும்போது
தானே திரும்பிக்கொள்ளும்.
இதெல்லாம் லீன்ஹார்ட்டின் கைக்கே தெரியும்.
அவன் யோசித்தது
தொந்திக்குள் யாரை உட்காரவைப்பது என்று.

ஆக்ஸ்பர்க். பிப்ரவரி. லெக் ஆற்றின் ஓரமெல்லாம் பனிக்கட்டி.
கூலி மூன்று வாரம் நிலுவை.
அச்சுக்கூடத்தின் காசு முழுதும்
காகித வியாபாரி சிக்ஸ்ட்டின் வட்டிக்குப் போயிற்று.
கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்
தாள் எண்ணுகிற சிக்ஸ்ட்.
இடக்கன்னத்தில் மிளகளவு மரு.

பேரிக்காய் மரத்துண்டு, ஆறு வரி உயரம்.
கொடிகளுக்கு நடுவே ஒரு குரங்கைக் குந்தவைத்தான்,
விரல் நாக்கில்,
மடியில் தாள்கட்டு.
மருவை மட்டும் அவன் செதுக்கவில்லை,
சுற்றிலும் எடுத்துவிட்டு அதை விட்டுவைத்தான்.
கத்தி தொடாமல் விட்டதுதானே
தாளில் கறுப்பாய் வரும்.

மரத்திலும் இடக்கன்னம்.
எழுத்தைத் திருப்பிய கை
மருவைத் திருப்ப மறந்ததோ,
மறந்ததுபோல் இருந்ததோ.

முதல் தாள் கொடியில் காய்ந்தபோது
எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சந்தேகப்பட்டார்கள்.
"மரு வலப்பக்கம் இருக்கிறதே,
இது வேற ஆள்" என்றான் மை தடவும் கிலியான்.
ரொட்டிக்காரி வால்புர்கா எட்டிப் பார்த்து
"ஏதோ குரங்கு" என்று போய்விட்டாள்.

அந்த முகத்தை அப்படியே அறிந்தவர்
ஊரில் ஒரே ஒருவர்.
கண்ணாடியில் மட்டுமே அதைப் பார்த்திருந்தவர்.
சிக்ஸ்ட் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.
சவரத்தின்போது எதிரே நிற்பவனின்
அதே வலக்கன்னம், அதே மரு.
ஒன்றும் சொல்லவில்லை.
நாக்குக்குப் போன கட்டைவிரல்
பாதியில் நின்றது.

அடுத்த வாரம் ரீமுக்கு இரண்டு க்ராய்ட்சர் ஏறிற்று.

(கணக்கேட்டில் இந்த ஏற்றம் மட்டும் இருக்கிறது.
சிரிப்பு கணக்கில் ஏறாது;
அதை நான் போட்டுக்கொண்டேன்.)

அச்சுக்கூடத்துக்காரி அப்பொலோனியா
எந்தக் கட்டையையும் எறிகிறவள் இல்லை.
குதிரை வைத்தியத்தில் குரங்கு.
பன்றி வரி ஆணையில் குரங்கு.
அவர்கள் மொழியில் 'நீ' என்பது டியில் தொடங்கும்,
அதனால் நீ திருடாதே என்ற இடத்திலும்
அதே நாக்கு, அதே விரல்.

சில வருஷத்தில் மரம் நரம்போடு விரிந்தது.
தாளில் ஒரு வெள்ளை மயிரிழை,
குரங்கின் காதிலிருந்து முழங்கால்வரை.
என் பிழைப்பு அந்த மயிரிழையில் தொங்குகிறது:
ஆண்டு போடாத புத்தகங்களுக்கு ஆண்டு சொல்கிறவள் நான்.
கோடு இல்லாதது முந்தியது.
கோடு நீளமானது பிந்தியது.

இன்று மேசைக்கு வந்தவை எட்டுப் பக்கங்கள்.
சிக்ஸ்ட்டின் அடக்கத்தன்று சொன்ன பிரசங்கம்.
அச்சுச் செலவு, விதவையுடையது.
தொடக்கத்தில், ஆறு வரி உயரத்தில்,
அவரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வேறு டி இல்லையா அப்பொலோனியாவிடம்?
இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் அங்கேயே இருக்கிறது,
இரண்டு இலை, ஒரு குருவி, யாருக்கும் வம்பில்லாத டி.
பின்னே இந்தக் குரங்கு
அவசரத்தில் கைக்கு வந்ததா,
விதவை கேட்டு வாங்கியதா?

பூதக்கண்ணாடியை முகத்தருகே கொண்டுபோகிறேன்.
கோடு இருக்கிறது. மருவைக் காணோம்.
அந்த இடத்தில் வட்டமாய் ஒரு வெள்ளைப் புள்ளி,
இதுவரை நான் பார்த்த எதிலும் இல்லாதது.
ஏதோ ஒரு புழு
அத்தனை மரத்திலும் அதைத் தேடித் தின்றிருக்கிறது.

அட்டையில் எழுதினேன்: வலக்கன்னத்தில் புழுத்துளை.
அடித்தேன்.
இடக்கன்னத்தில் என்று எழுதினேன்.
அதையும் அடித்துவிட்டு
கழிவறைக் கண்ணாடிவரை போய்
என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.